அலுமினியம் 3டி பிரிண்டிங்: 4 வருஷம் எச்சத் தகைவோடு குடித்தனம்

லேசர் பவுடர் பெட் மெஷினில் (உலோகப் பவுடரை லேயர் லேயராகப் பரப்பி லேசரால் உருக்கி பார்ட் செய்வது) ஏஎல்எஸ்ஐ10எம்ஜி பவுடரை, அதாவது சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தை, 4 வருஷமாக ஓட்டுகிறேன். வேகம், ஃபினிஷ் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. என் புகாரெல்லாம் பார்ட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும் எச்சத் தகைவு மேல்தான்; வெளியிலிருந்து எந்த விசையும் இல்லாதபோதும் உலோகத்துக்குள் மிச்சமிருக்கும் இழுப்பும் அமுக்கமும்தான் அது.

முதல் வருஷமே சூடுபட்டேன். நீளமான, மெல்லிய பிராக்கெட் அது. பில்ட் பிளேட்டில் (பார்ட் ஒட்டி வளரும் அடித்தட்டு) இருந்தவரை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. டெலிவரி அவசரம் என்று ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கித் தகைவைத் தளர்த்துவது) செய்யாமல், மின்பொறிக் கம்பியால் பிளேட்டிலிருந்து வெட்டியெடுக்கும் வயர்கட்டுக்கு அனுப்பினேன். கம்பி பாதி தூரம் போவதற்குள் வெட்டுப்பட்ட முனை மேலே தூக்கிக்கொண்டது. முழுசாக வெட்டியபின் மேஜையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது!

ஒவ்வொரு லேயரும் உருகி இறுகும்போது சுருங்கப் பார்க்கிறது. அடியில் ஏற்கெனவே இறுகிய உலோகம் விடுவதில்லை. இந்த இழுபறி அடுக்கடுக்காகச் சேர்ந்து மேற்பரப்பில் இழுவிசையாகவும் நடுவில் அமுக்கமாகவும் தங்கிவிடுகிறது. டைட்டானியத்தை ஓட்டியவர்களுக்கு அலுமினியம் சாதுவாகத் தெரியும். சாது மிரண்டால் என்ன ஆகும் என்று அந்த பிராக்கெட் காட்டியது.

அன்றிலிருந்து எந்த பார்ட்டும் வெட்டும் முன் பிளேட்டோடுதான் ஸ்ட்ரெஸ் ரிலீவ் அடுப்புக்குப் போகும்: 300 டிகிரி, 2 மணி நேரம். வளைவு போய்விட்டது. ஆனால் இதற்கு விலை உண்டு. வேகமாக இறுகியதால் உருவான நுண்ணிய சிலிக்கான் வலை அந்தச் சூட்டில் உடைந்து உருண்டைகளாகிவிடும். அச்சான நிலையில் 450 மெகாபாஸ்கல் பக்கம் இருக்கும் இழுவலிமை (இழுத்தால் முறியாமல் தாங்கும் அளவு) 300 சொச்சத்துக்கு இறங்கிவிடும். டேட்டாஷீட்டின் முதல் எண்ணை மட்டும் பார்த்து டிசைன் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அச்சாகும்போதே பிளேட்டை 200 டிகிரிக்குச் சூடாக்கியும் ஓட்டிப் பார்த்தேன். வளைவு நன்றாகக் குறைந்தது. ஆனால் உயரமான பார்ட்டில் அடிப்பகுதி அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் கிடப்பதால் அடிக்கும் உச்சிக்கும் கடினத்தன்மை மாறிவிட்டது. சின்ன பில்டுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன். லேயருக்கு லேயர் ஸ்கேன் திசையை (லேசர் கோடு போடும் திசை) 67 டிகிரி திருப்புவதை எப்போதுமே ஆன் செய்து வைத்திருக்கிறேன். இழுப்பு ஒரே பக்கமாகச் சேராது, அவ்வளவுதான்.

தகைவை அளக்க எக்ஸ்ரே முறையை மட்டும் நம்பாதீர்கள். மேலோடு சில பத்து மைக்ரான் ஆழத்தைத்தான் அது பார்க்கும். சொரசொரப்பான மேற்பரப்பில் அதுவும் தடுமாறும். நான் துளையிட்டு அளக்கும் முறைக்கு (சின்னத் துளை போட்டதும் சுற்றியுள்ள உலோகம் எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்ப்பது) மாறிவிட்டேன். பார்ட்டில் ஓட்டை விழும் என்பதால் ஒவ்வொரு பில்டிலும் அதற்கென்றே ஒரு சோதனைக் கட்டை சேர்ந்து அச்சாகிறது.