ஒரு ‘ஷெ’யால் இரண்டாகிப்போன எங்கள் பூட்டி

மூன்று கிழமை மட்டக்களப்பில் நின்றேன். கல்யாணவீடு, கோயில் எல்லாம் நல்லபடி முடிந்தது. எழுத வந்தது அம்மாவின் வளவு உறுதியை, அதாவது வீட்டுக் காணிப் பத்திரத்தைப் பற்றி.

1926இல் கையால் எழுதிய உறுதி. 1978 நவம்பர் 23 சூறாவளியில் நனைந்து மை கரைந்துவிட்டது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும் என்பதால், போன முறை வந்தபோது அங்கே நகல் எடுத்தேன். பிறகு ஒரு கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். அங்கேதான் வினை.

மேல் பந்தியில் பூட்டியின், அதாவது அம்மம்மாவின் தாயின், பெயர் மட்டும். கீழே அதே பெயருக்கு முன்னால் ‘ஷெ.’ என்று இனிஷல். லண்டனில் அதை நம்பி இரண்டு பூட்டிகள் போட்டு வம்சப் படம் கீறினேன். அம்மம்மா ஒரு தாய்க்கு, அவருடைய அக்கா வேறொரு தாய்க்கு என்றாகிவிட்டது. பெரியம்மா படத்தைப் பார்த்து அழுதார். “ஒரு வயித்துப் பிள்ளைகளப் பிரிச்சுப்போட்டியே!”

இம்முறை கல்லடியில் ஒரு பழைய நொத்தாரிசு கிளாக்கரிடம் போனேன். எண்பது தாண்டியவர். விறாந்தை வெளிச்சத்தில் நகலைப் பிடித்தார்.

“மனே, இது இனிஷல் இல்ல. மேற்படி.”

அவ்வளவுதான். மேற்படிக்கு ௸ என்று ஒரு குறி உண்டு. அதற்குப் பதிலாக ‘ஷெ’ எழுதுவார்கள். ‘ஷெ காணி’ என்றால் மேற்படி காணி. மூலத்தில் புள்ளியே இல்லை! இல்லாத புள்ளியை வைக்கக் கடைக்காரருக்கு யார் சொன்னது? விளங்காவிட்டால் உள்ளபடி அடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கலாமே.

கிளாக்கர் ஐயா அதோடு விடவில்லை. பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி வராது, ‘ர’வும் கால் ‘ா’வும் ஒன்றுபோல இருக்கும், சொல்லைப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும் என்று வரிவரியாக வாசித்துக் காட்டினார். கிழக்கு எல்லையில் இருந்த பெயர் பூட்டியின் தங்கச்சியுடையது. எங்கள் பக்கம் வளவு தாயிடமிருந்து பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாக இறங்கும். அதனால் வேலிக்கு அந்தப் பக்கமும் சொந்தம்தான். இதை நான் யோசிக்கவே இல்லை. காசு நீட்டினேன், வாங்கவில்லை. தேத்தண்ணி தந்தார்.

லண்டனில் கூட வேலை செய்பவர் தன் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவை போனிலேயே தேடி எடுத்துவிடுகிறார். பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் ‘ஷெ’ என்றால் என்ன என்று அங்கே யாரிடம் கேட்பது?

பெட்டிக்குள் இன்னும் நான்கு உறுதிகள் கிடக்கின்றன. மாசியில் திரும்பவும் போகிறேன், நேரே கல்லடிக்கு.