மே மாதக் கடல்: கோழிக்கோடா, புதுச்சேரியா?

கொங்குநாட்டுக்குக் கடல் கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எங்கிருந்து கிளம்பினாலும் அலையில் கால் நனைக்க அரை நாள் பயணம் செய்தாக வேண்டும். அதனால் முழுப்பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: மேற்கே போவதா, கிழக்கே போவதா? மேற்கே என்றால் கோழிக்கோடு, கிழக்கே என்றால் புதுச்சேரி. ராமேஸ்வரமும் திருச்செந்தூரும் கோயில் கணக்கில் வருபவை, அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

புதுச்சேரியை முன்பே பார்த்தாயிற்று. இந்த மே மாதம் குடும்பத்தோடு கோழிக்கோடு போய் வந்தோம். என் ஓட்டு கோழிக்கோட்டுக்குத்தான்.

தூரம் உங்கள் ஊரைப் பொறுத்தது. கோவைக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம். கோழிக்கோடு சுமார் 180 கிலோமீட்டர், புதுச்சேரி அதைப்போல் இரண்டு மடங்கு. ஈரோட்டில் இருக்கும் எங்களுக்கு இரண்டுமே ஏறக்குறைய 280 கிலோமீட்டர். காரில் போவதென்றால் சேலம், உளுந்தூர்ப்பேட்டை வழியாகப் புதுச்சேரி போகும் சாலை சுகம். பாலக்காட்டைத் தாண்டி பெரிந்தல்மண்ணா, மலப்புரம் என்று போனால் ஊர் விட்டால் ஊர், வண்டி வேகமாக நகராது. ரயிலில் இது அப்படியே தலைகீழ். சென்னையிலிருந்து மங்களூரு போகும் ரயில்கள் ஈரோடு, திருப்பூர் வழியாகத்தான் போகின்றன. கோவையிலிருந்து காலையில் மங்களூரு இன்டர்சிட்டி இருக்கிறது. கோழிக்கோடு ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். புதுச்சேரிக்கு நம் பக்கத்திலிருந்து நினைத்த நாளில் ஏறிப் போக நேர் ரயில் கிடையாது, விழுப்புரத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

புதுச்சேரியின் பலம் நடை. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் என்று குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம். உள்ளே புகுந்தால் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த ‘வெள்ளை நகர’த் தெருக்கள். பேக்கரிகளில் குரோசான் நன்றாக இருக்கும். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்னைக் கேட்டால் புதுச்சேரிக்குத்தான் அனுப்புவேன். மணல் மட்டும் குறை. 1980களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர் வந்த பிறகு ஊர்க் கரையின் மணல் அரித்துப் போய், கருங்கல்லைக் கொட்டிக் கரையைக் காத்தார்கள். அண்மையில் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் மணலில் புரள வேண்டுமென்றால் சுண்ணாம்பாற்றில் படகேறிப் பாரடைஸ் கடற்கரைக்கோ, சின்ன வீராம்பட்டினத்தில் இருக்கும் ஈடன் கடற்கரைக்கோ போக வேண்டும்.

சரி, இதெல்லாம் இருந்தும் எங்கள் முடிவை மாற்றியது மீன்.

வீட்டில் நாம் அதிகம் சமைப்பது மேட்டூர், பவானிசாகர் அணை மீன். கடல் மீன் என்றால் ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்ததுதான். கடற்கரை ஊருக்குப் போவதில் பாதி ஆசையே அன்று பிடித்த மீனை அன்றே சாப்பிடுவதில் இருக்கிறது. இங்கேதான் காலண்டரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலும் புதுச்சேரியிலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். கேரளத்தில் விசைப்படகுகளுக்கான தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாள். நம் பிள்ளைகளின் விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. கிழக்கே போனால் விடுமுறை முழுவதும் தடைக்குள் மாட்டிக்கொள்ளும். மேற்கே பள்ளி திறக்கும் வரை படகு ஓடிக்கொண்டிருக்கும்.

தடைக்காலத்தில் புதுச்சேரியில் மீனே கிடைக்காது என்று சொல்லமாட்டேன். கட்டுமரமும் நாட்டுப்படகும் கடலுக்குப் போகலாம். நெத்திலி, மத்தி, சங்கரா என்று கரையோர மீன் வரும், விடிகாலையில் போய் நின்றால் நல்லதாகவே வாங்கலாம். ஆழத்துக்குப் போகும் படகுகள் கொண்டுவரும் வஞ்சிரம், வவ்வால், பெரிய இறால் எல்லாம் குறைந்து விலை ஏறிவிடும். அந்த நாட்களில் நம்மூர்ச் சந்தைகளுக்கே கேரளக் கரையிலிருந்து மீன் வருகிறது. கிழக்குக் கரை ஓட்டலில் தட்டில் விழும் வஞ்சிரமும் அப்படிப் பயணம் செய்து வந்ததாக இருக்கலாம். இதை வீட்டில் சொன்னதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “ஏங் கண்ணு, கடலுக்கே போயும் ஐஸ்ல வெச்ச மீனையா தின்னோணும்?” புதுச்சேரிக்காகப் பேசிக்கொண்டிருந்த மச்சானும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

கோழிக்கோட்டில் முதல் நாள் மதியம் ஒரு சாதாரண ஊண் கடையில் உட்கார்ந்தோம். சோறு குத்தரிசி. தடித்த சோறு பிள்ளைகளுக்கு இறங்காது, வெள்ளைச் சோறு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அயிலை வறுவல் வந்தது. அம்மா விரலால் முதுகில் ஒரு கீறு கீறினார். சதை முள்ளை விட்டு இரண்டு பாளமாகப் பிரிந்தது, மேலே மிளகாய்ச் சிவப்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம். எலுமிச்சை பிழியக்கூட யாரும் நிற்கவில்லை. வஞ்சிரம் வேண்டுமென்றால் அங்கே அயக்கூரா என்று கேட்க வேண்டும்.

பிரியாணிக்கு 1939 முதல் நடக்கும் பாரகன் எல்லோரும் சொல்லும் இடம். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கலாம். நம் பிரியாணியில் சீரகச் சம்பாவும் கறியும் ஒன்றாக வெந்து அரிசிக்குள்ளேயே காரம் ஏறிவிடும். கோழிக்கோட்டில் கைமா என்னும் பொடி அரிசி தனி, மசாலா தனி, அடுக்கி தம் போடுகிறார்கள். மேல் சோறு நெய்யும் வறுத்த வெங்காயமுமாக வெள்ளையாக வரும். மேலோடு சாப்பிட்டால் நம் நாக்குக்குச் சப்பென்று தோன்றும், கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினால்தான் அதன் ருசி தெரியும். எனக்கு இன்னும் நம்மூர் பிரியாணிதான் ஒரு படி மேல். மீனில் அவர்களை மிஞ்ச முடியாது.

மாலை கடற்கரையில். பழைய கப்பல் பாலத்தின் துருப்பிடித்த இரும்புத் தூண்கள் கடலுக்குள் நிற்கும், அவற்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். தள்ளுவண்டிகளில் நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி, கேரட் எல்லாம் மிளகாயோடு உப்புநீர்ப் பாட்டில்களில் ஊறிக்கொண்டிருக்கும், அதற்கு உப்பிலிட்டது என்று பேர். அடுத்தது கல்லுமக்காய். பச்சை ஓடுள்ள கடல் சிப்பியைப் பிளந்து, தேங்காயும் சோம்பும் சின்ன வெங்காயமும் சேர்த்தரைத்த அரிசி மாவைத் திணித்து ஆவியில் வேகவைக்கிறார்கள். மாவு உப்பி ஓட்டின் வாயைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஓட்டிலிருந்து எடுத்து, மிளகாய் மசாலா புரட்டி எண்ணெயில் போடுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, நடுவில் கொழுக்கட்டை போல மாவு, அதற்குள் சிப்பிக் கறி. சிப்பி என்றதும் முகம் சுளித்த என் மகள்தான் இரண்டாவது தட்டு கேட்டாள்.

மறுநாளைக்கு பேப்பூர் போங்கள், தெற்கே 10 கிலோமீட்டர்தான். உரு என்னும் மரக்கப்பல் கட்டும் ஊர் அது. புலிமுட்டு என்கிற கல் தடுப்பு கடலுக்குள் நீண்டு போகிறது, அதன் மேலேயே நடக்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சாலியாற்று முகத்துவாரம். நம்மூர் விவசாயிகள் அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. நீலகிரியின் கூடலூர் மலையில் பிறக்கும் பாண்டியாறு, புன்னம்புழா தண்ணீர் சாலியாற்றில் சேர்ந்து இங்கேதான் கடலில் கலக்கிறது. அதை மாயாற்றுக்குத் திருப்பி பவானிசாகர் அணைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! திட்டம் நடக்குமோ நடக்காதோ, அந்தத் தண்ணீர் கடலுக்குள் போவதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு மனசு பிசைந்தது.

குளிக்க என்றால் வடக்கே 16 கிலோமீட்டரில் காப்பாடு. 1498இல் வாஸ்கோ ட காமா இறங்கியதாகச் சொல்லப்படும் கரை. காப்பாடும் சரி, புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சரி, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றவை. இதில் இரண்டு ஊரும் சமம். இரண்டிலும் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி இறங்கவே கூடாது.

சைவக் குடும்பமாக இருந்தால் நான் சொன்ன காரணம் பாதி அடிபட்டுவிடும், புதுச்சேரிக்கே போகலாம். கோழிக்கோட்டிலும் சைவ ஓட்டல்கள் உண்டு, ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் நான் கோழிக்கோடு போனதில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். தென்மேற்குப் பருவமழை கொட்டும், கடல் கொந்தளிக்கும், தடையும் இருக்கும். அதே சமயம் ஜூன் 15க்குப் பிறகு கிழக்கே விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும், புதுச்சேரிக்கு அதுதான் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தப் பக்கம் என்பதால் மறுபடியும் மேற்கே திரும்ப வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு எந்தக் கரைக்கும் போகலாம்.

திரும்பும் நாளில் மிட்டாய்த் தெருவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். தேங்காயெண்ணெயில் கிண்டிய அல்வாவைக் கட்டி கட்டியாக அடுக்கி வைத்து, கேட்டால் ஒரு துண்டு வெட்டி ருசி பார்க்கத் தருவார்கள். ஞாயிறு மாலை திரும்பும் ரயிலுக்கு, ஊரிலிருந்து கிளம்பும்போதே முன்பதிவு செய்துவிடுங்கள், பொதுப்பெட்டியில் பிள்ளைகளோடு ஈரோடு வரை நிற்பது ஆகாத காரியம்.