ஆப்ளிக் ஸ்ட்ராட்டஜீஸ்: வேலை பாதியில் நின்றவர்களுக்கான அட்டைக்கட்டு

சின்னக் கறுப்புப் பெட்டி. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள், பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு வரி. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-இல் 500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டது. வேலையில் திணறும்போது நினைவூட்டிக்கொள்ள இருவரும் தனித்தனியாக இப்படி வரிகள் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றைச் சேர்த்ததுதான் இந்தக் கட்டு. ஷ்மிட் 1980-இல் காலமானார். பிற்காலப் பதிப்புகள் ஈனோவின் இணையக் கடையில் விற்பனைக்கு வந்தன.

‘ஐடியாவே வரவில்லை, இதை வாங்கினால் வருமா?’ என்று கேட்பவர்கள் வாங்க வேண்டாம். வெற்றுத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பெட்டி எதையும் தராது. பாதி முடிந்த பாட்டு, அசையாமல் கிடக்கும் காட்சி, ஒரு மூலை மட்டும் ஒட்டாத ஓவியம் என ஏதாவது கையில் இருக்க வேண்டும். அட்டை அதைத்தான் குலுக்கிவிடும்.

முறை எளிது. வேலையை வேறு பெயரில் ஒரு நகல் சேமியுங்கள். கட்டைக் கலைத்து ஒரே ஒரு அட்டை எடுங்கள். 20 நிமிடம் டைமர் வைத்து, அது சொல்வதை அந்த நகலில் செய்து பாருங்கள். பொருந்துகிறதா என்ற யோசனையே வேண்டாம். பொருத்தம் தெரியாவிட்டாலும் நம்பு என்றுதான் பெட்டியோடு வரும் குறிப்பும் சொல்கிறது. பிடிக்கவில்லை என்று இரண்டாவது அட்டை எடுத்தால் ஆட்டம் முடிந்தது: ஏற்கெனவே மனசில் இருந்த பதில் வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். கைபேசிச் செயலிகளில் இதே வரிகள் இலவசமாகக் கிடைத்தும் பலருக்கு உதவாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஒரு தட்டு தட்டினால் அடுத்த வரி வந்துவிடுகிறதே!

‘மிகவும் கூச்சம் தரும் விவரத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கு’ என்ற பொருளில் ஓர் அட்டை உண்டு. இரண்டு பேர் பேசும் ஒரு காட்சியில் இதைப் போட்டுப் பார்ப்போம். வசனத்துக்குப் பின்னால் மின்விசிறி இரைகிறது. எடிட்டரின் கை நேராக, இரைச்சலைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குப் போகும். அதிகம் துடைத்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். அட்டை சொன்னபடி செய்வதென்றால் வசன டிராக்கின் ஒலியைக் கூட்டக் கூடாது, கூட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் இரைச்சல் குதிப்பது காதில் விழும். அதே அறையில் விசிறிச் சத்தத்தை மட்டும் 30 விநாடி தனியாகப் பதிவுசெய்து, காட்சி முழுக்க அடியில் ஓடவிட்டு, வசனங்களுக்கு இடையிலுள்ள மௌனங்களில் மட்டும் ஏற்ற வேண்டும். வெட்டுகள் மறையும். அந்த மௌனத்துக்கும் ஒரு கனம் வரும்.

இசைக்குப் பொருந்தும் ஓர் அட்டை ‘வாத்தியங்களின் பொறுப்பை மாற்று’. பேஸ் கித்தாரின் மிடி குறிப்புகளை (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்பவை) புல்லாங்குழலுக்கு அப்படியே கொடுத்தால் ஸ்வரங்கள் அதன் வீச்சுக்குள் வராது. மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி) ஏற்றிக் கொடுத்து, காலியான அடிப்பகுதியை உடனே நிரப்பாமல் விட்டு ஒருமுறை கேளுங்கள்.

குழுவாகச் செய்வதற்கு நல்ல முன்மாதிரி 1977-இல் வந்த, பாடகர் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. ‘சென்ஸ் ஆஃப் டவுட்’ என்ற இசைத் துண்டுக்கு ஈனோவும் போவியும் ஆளுக்கொரு அட்டை எடுத்து, மற்றவருக்குக் காட்டாமல் வேலை செய்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கு என்று ஒருவருக்கு, வேறுபாடுகளை அழுத்திக் காட்டு என்று மற்றவருக்கு. அந்த இழுபறியைத் துண்டிலேயே கேட்கலாம். ஆனால் இம்மாதிரிச் சோதனைகள் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. அனுபவமுள்ள வாத்தியக்காரரைக் கேட்காமல் இதில் இழுத்துவிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். நாளைக் காலை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய வேலையிலும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. சில அட்டைகள் டேப் காலத்து ஸ்டூடியோவுக்கே உரியவை, ஓவியருக்கோ எழுதுபவருக்கோ உதவாது. பாத்திரம் கழுவச் சொல்லும் அட்டையும் இருக்கிறது (கிண்டல் இல்லை, சில சமயம் சரியான யோசனை அதுதான்). எல்லா வரிகளும் ஆங்கிலம். கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் ஒரு சீட்டுக்கட்டுக்கு இவ்வளவா என்று கேட்க வைக்கும் விலை.

அதனால் முதலில் வீட்டிலேயே ஒரு கட்டு செய்து பார்ப்பதையே பரிந்துரைப்போம். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டையில் ஏ4 தாள் 5 வாங்கி, ஒவ்வொன்றையும் 8 துண்டாக வெட்டினால் 40 அட்டைகள். தொடங்க இது போதும். மெல்லிய தாள் வேண்டாம், எழுத்து பின்பக்கம் தெரிந்து எடுக்கும் முன்பே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவீர்கள். வரிகளை ஈனோவிடமிருந்து நகலெடுக்காமல், உங்கள் பழைய வேலைகளில் சிக்கல் எப்படி அவிழ்ந்தது என்று பார்த்து எழுதுங்கள். ‘வயலினைக் குறை’ என்று எழுதினால் ஒரு பாட்டுக்குத்தான் ஆகும். ‘எது அதிகம் பேசுகிறதோ அதை நிறுத்து’ என்று எழுதினால் பாட்டுக்கும் ஆகும், காட்சிக்கும் ஆகும், கேன்வாஸுக்கும் ஆகும்.