47,500 ரூபாய்க்கு ஒரு பொய் ரிப்போர்ட்: அடுக்குமாடியில் இருப்பவர்கள் படியுங்கள்

எங்கள் கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று சோதித்துத் தந்த ரிப்போர்ட்டின் ஒன்பதாம் பக்கத்தை நேற்று ராத்திரிதான் ஒழுங்காகப் பார்த்தேன். ‘தரைத்தளம் + 4 மாடி’ என்று போட்டிருக்கிறது. நாங்கள் இருப்பது போரூர் பக்கம், ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் இருக்கும் கார் நிறுத்தும் தளம்) மேல் 14 மாடி. வேறு யாருக்கோ எழுதியதில் எங்கள் பெயரை மாற்றிப் போட்டுத் தந்திருக்கிறார்கள். இதற்கு 47,500 ரூபாய்.

கார் நிறுத்தும் இடத்தில் மூன்று தூண்களின் மூலையில் மேலிருந்து கீழாக விரிசல். ஓரத்தில் பழுப்புக் கறை. நகத்தால் நெருடினால் பூச்சு சில்லுசில்லாகக் கையோடு வருகிறது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்தால், கம்பி ஓடும் வழியிலேயே கான்கிரீட் இப்படித்தான் வெடிக்கும். மௌலிவாக்கம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்த இடம். பக்கத்தில் மிச்சமிருந்த கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்ததை எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தவள் நான். தூணில் விரிசல் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

அசோசியேஷன் செயலாளர் என்பதால் நான்தான் ஆள் தேடினேன். ஏசி சர்வீஸ் முதல் பெயின்டிங் வரை ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் ‘ஸ்ட்ரக்சுரல் ஆடிட்’, அதாவது கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது என்றும் இருந்தது. 56 வீட்டிலும் வசூல் செய்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

வந்தவர் பெயின்ட் அடித்த பூச்சின் மேலேயே ரீபவுண்ட் ஹேமரை (கான்கிரீட்டின் கடினத்தை எண்ணாகக் காட்டும் கருவி) வைத்து அழுத்தினார். “பூச்சை எடுக்க வேண்டாமா சார்?” என்று கேட்டேன். “இப்ப வர்ற மெஷினுக்கு அதெல்லாம் தேவையில்லை மேடம்” என்றார். இரண்டாம் மாடிப் பாட்டி கம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, “தம்பி, இங்க இருக்கலாமாப்பா?” என்றார். ஆடிட்டுக்கு வந்தவர் தூணை உள்ளங்கையால் தட்டி, “இது கோட்டை பாட்டி. நிம்மதியாத் தூங்குங்க” என்றார். பாட்டி அவருக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அங்கே நின்ற அத்தனை பேரும் அந்த வார்த்தையை நம்பினோம். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ரிப்போர்ட்டில் ஹேமர் காட்டியதாக 24 இடத்திலும் ஒரே எண்: 42. ஒரே தூணில் அடுத்தடுத்து அடித்தாலே எண் மாறும்!

அப்புறம் ஆப்காரர்களின் பதில்கள். முதலில் ‘48 மணி நேரத்தில் அழைப்போம்’. பிறகு ‘சர்வீஸ் முடிந்துவிட்டது, பணம் திரும்ப வராது’. கடைசியில் ‘நாங்கள் ஆளைச் சேர்த்து வைப்பவர்கள் மட்டும்தான்’. போனில் பேசிய பெண்ணுக்குத் தூண் என்றால் என்னவென்றே புரியவில்லை. ஆடிட்டுக்கு வந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பணம் மட்டும் போயிருந்தால் கூடப் பரவாயில்லை. ரிப்போர்ட் வந்த அன்றே பொருளாளர் அதை பில்டருக்கு அனுப்பிவிட்டார். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. பில்டர் ஆபீசில் இப்போது, “உங்க ரிப்போர்ட்டே நல்லாருக்குன்னு சொல்லுதே” என்கிறார்கள். 47,500 ரூபாய் கொடுத்து எங்கள் கையை நாங்களே கட்டிக்கொண்டோம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பூச்சை எடுக்காமல் ஹேமர் வைத்தால் அப்போதே நிறுத்துங்கள். அந்தக் கருவி மேல்பரப்பின் கடினத்தை மட்டும்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) வெட்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும், மூன்றுக்குக் குறையாமல். துருவுக்குத் தனிச் சோதனை இருக்கிறது, கேளுங்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியிலோ பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாத ரிப்போர்ட்டுக்குப் பணம் தராதீர்கள். முழுப் பணமும் முன்னால் தரவே தராதீர்கள்.

நாளை காலை எட்டு மணிக்கு வேறு இன்ஜினியர் கோர் எடுக்க வருகிறார். அந்த மூன்று தூண் பக்கம் நிற்கும் கார்களை நகர்த்தச் சொல்ல வேண்டும். பாட்டியிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும்.