டாய்லெட் ஆசிட்டா, கரண்டா, எலுமிச்சை உப்பா: பழைய பத்மினியின் பெட்ரோல் டாங்க்

பள்ளத்தூர் வீட்டுக் கார் செட்டில் அப்பச்சியின் பிரீமியர் பத்மினி ஒன்பது வருஷம் அசையாமல் நின்றது. கல்யாணம், படைப்பு என்று ஊர் கூடும்போது பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பி விளையாடுவதோடு சரி. போன சித்திரையில் டாங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசமே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவின் நெடிதான். குச்சியில் துணி சுற்றி அடியில் தொட்டு எடுத்ததில் செங்கல் பொடி மாதிரித் துருவும், கருப்பட்டிப் பாகு மாதிரிப் பிசினும் சேர்ந்து வந்தன.

இது ரெண்டும் ரெண்டு வியாதி. கெட்டுப்போன பெட்ரோல் விட்ட பிசினை ஆசிட் தொடாது. தின்னரோ அசிட்டோனோ வேண்டும். துருவைத் தின்னர் தொடாது. பிசின் துருவுக்கு மேலே படிந்திருப்பதால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். டாங்கைக் கழற்றி, பெட்ரோல் அளவு காட்ட மிதவையோடு இருக்கும் டாங்க் யூனிட்டையும் எடுத்துவிட்டு, ரெண்டு லிட்டர் தின்னர் ஊற்றி ஒரு நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டி வைத்தேன். மூன்றாம் டிக்காஷன் நிறத்தில் வந்தது. பிறகு சோப்புப் போட்ட சுடுதண்ணீர், நாலு தடவை. இதில் சோம்பல் படக்கூடாது. காலி டாங்க்தான் நிறைந்த டாங்கைவிட ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியிலேயே கிடக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குக் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். ‘மேலே வெட்டித் திறந்து சுத்தம் பண்ணி மறுபடி வெல்டு வைத்துவிடலாம்’ என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். டாங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

இனி துரு. எந்த வழி துருவை எடுக்கிறது என்று பார்த்தால் எல்லாமே எடுக்கும். எடுத்த பிறகு உள்ளே எதை விட்டுப் போகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் சொன்னது, “தம்பி, டாய்லெட் ஆசிட்டை ஊத்துங்க, அரை மணி நேரத்துல பளபளன்னு ஆயிரும்.” ஆகும்தான். சித்தப்பாவின் அம்பாசிடர் டாங்கை ஒரு பட்டறையில் அப்படித்தான் கழுவிக் கொடுத்தார்கள். மறு வாரமே உள்ளே மஞ்சள் பூத்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் ஓட்டுப் போட்ட விளிம்பில் ஊசி ஊசியாகக் கசிவு. அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக். துருவோடு நிற்காமல் நல்ல தகட்டையும் தின்னும், மூலையில் தங்கும் குளோரைடு மறுபடி துருவை அழைக்கும். பழைய டாங்குகள் பலவற்றில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல உள்பக்கம் காரீயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. அதுவும் போய்விடும்.

அப்பத்தாவின் யோசனை புளி. “குத்துவிளக்கே பளிச்சுன்னு ஆகுது, இந்தத் தகரம் ஆகாதா?” தத்துவப்படி சரி, புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் கோதும் நாரும் டாங்கின் மூலைக்குள் போனால் யார் எடுப்பது? உப்புப் போட்டு வைத்த பழம்புளியாக இருந்தால் டாய்லெட் ஆசிட்டின் குளோரைடு கதைதான் திரும்பவும். கடை வினிகருக்கு அந்த வம்பில்லை, ஆனால் டாங்க் நிறைய வாங்க வேண்டுமே!

காரைக்குடிப் பக்கத்துக்காரனுக்குக் கரண்டு வைத்தியத்தின் மேல் தனிப் பாசம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கேதான் இருக்கிறது. துரு பற்றிய ஆராய்ச்சியே அங்கே ஒரு பெரிய பிரிவு. வீட்டில் செய்வது எளிது. தண்ணீரில் சலவைச் சோடா கலந்து டாங்கை நிரப்பி, டாங்க் யூனிட் துவாரம் வழியாகத் தகட்டில் படாமல் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் டாங்குக்கு, ப்ளஸ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டாங்கே கரையும். எவர்சில்வர் கம்பி கூடாது, அதிலிருந்து விஷக் குரோமியம் இறங்கும். கிளம்பும் குமிழில் ஹைட்ரஜன் இருப்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். இந்த வழியில் நல்ல தகடு ஒரு துளியும் தேயாது, அதுதான் இதன் அழகு. குறை என்னவென்றால் கம்பிக்கு நேரே இருக்கும் இடம்தான் நன்றாகச் சுத்தமாகும். டாங்குக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது அப்படியே நிற்கும். ஸ்பானர், ஜாக்கி மாதிரிச் சாமான்களுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. டாங்குக்கு அரைக் கிணறுதான்.

நான் கடைசியில் பிடித்தது எலுமிச்சை உப்பு, சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 50 கிராம் கணக்கு. என் டாங்க் 38 லிட்டர் பிடித்தது, ரெண்டு கிலோ போதும். அதற்கு முன் கட்டித் துருவை உதிர்க்க ஒரு முழச் சங்கிலியும் கொஞ்சம் தண்ணீரும் உள்ளே போட்டு, டாங்கைச் சாக்கில் சுற்றி வளவு ஊஞ்சலில் கட்டி ஆட்டினேன். அரை மணி நேரம் சலங்கைச் சத்தம். சாக்கு விலகிப் பர்மா தேக்குப் பலகையில் ஒரு கீறல் விழுந்தது. அப்பத்தா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. பிறகு எலுமிச்சை உப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக நிரப்பி ஒரு ராத்திரி, ஒரு பகல். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஈரச் சாம்பல் நிறம். மூலையிலும் அதே நிறம். ரெண்டு நாளுக்கு மேல் விட்டால் இதுவும் தகட்டைக் கடிக்க ஆரம்பிக்கும். (கழிவை ஊருணிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சோடா போட்டுக் குமிழ் அடங்கிய பிறகு கார் செட்டுக்குப் பின்னால் கொட்டுங்கள்.)

தண்ணீரை வடித்த அடுத்த ஒரு மணி நேரத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். சுத்தமான இரும்பு காற்றில் கண்ணெதிரே மஞ்சளாகும். ஆப்பச் சோடாத் தண்ணீரில் ஓர் அலசு, உடனே நல்ல தண்ணீர், உடனே ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி வடித்தேன். முற்றத்துச் சித்திரை வெயிலில் கவிழ்த்து, சைக்கிள் பம்பால் ஊதிக் காயவைத்தேன். காய்ந்ததும் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே எல்லாப் பக்கமும் ஓடவிட்டேன்.

டாங்கின் உள்பக்கம் பூசும் எபாக்சிப் பூச்சு கிட் ஊசித் துவாரம் உள்ள டாங்குக்கு மட்டும். துருவும் எண்ணெயும் மிச்சமிருந்தால் அது தோல் தோலாக உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும், பிறகு அதை எடுப்பது தனிக் கொடுமை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டிச் சாமான் கடைகளில் பழைய டாங்க் தேடலாம், ஆனால் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அங்கேயே டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஆகவே ஊருக்குப் போகும்போது பாதி டாங்க் பெட்ரோலோடு வண்டியை நிறுத்துவதில்லை. வண்டியின் பெட்ரோல் பம்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பில்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன். முதல் பில்டர் கானாடுகாத்தான் போய்த் திரும்புவதற்குள் பழுப்பேறிவிட்டது. ரெண்டாவது காரைக்குடிக்கு நாலு தடவை தாங்கியது. மூன்றாவது மாட்டி ஒரு மாதம் ஆகிறது, அடியில் ஒரு சிட்டிகைத் தூள்தான்.