ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கப்போகிறீர்களா? என் 23,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு எடுங்கள்

கோபம் அடங்கவில்லை, அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார். 23,500 ரூபாய் திரும்பவில்லை. மழையும் பனியும் மாறி மாறி அடிக்கும் இந்தக் கார்த்திகை, மார்கழியில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இன்னும் எத்தனை வீட்டில் இதே மெஷினை இறக்கப்போகிறார்களோ தெரியவில்லை.

அம்மாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி, சிகரெட் வாடையே ஆகாதவர். கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்புப் புகையில் வெந்ததற்கு நுரையீரல் கொடுத்த கூலி அது. குளிர் தொடங்கி ஒரு சளி பிடித்தால் போதும், நேராக நெஞ்சுக்கு இறங்கிவிடும். இந்த முறையும் அப்படித்தான். டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். நிமிஷத்துக்கு 2 லிட்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் மீட்டரில் 88-க்கும் 92-க்கும் நடுவில் நின்றால் போதும், இந்த நோய்க்காரர்களுக்கு அதற்கு மேல் ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரலாம் என்று சொல்லிச் சீட்டிலும் எழுதிக்கொடுத்தார்.

அப்புறம்தான் அந்தக் கடை. வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுத்து மருத்துவக் கருவிகளை வீட்டுக்கு அனுப்பும் ஆன்லைன் வாடகைக் கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. நிமிஷத்துக்கு 5 லிட்டர் வரை தரும் மெஷின், மாத வாடகை 5,500, டெபாசிட் 18,000. "ஆறு மாசம்தான் ஓடின மெஷின் மேடம். கரண்ட் போச்சுன்னா போன் பண்ணுங்க, சிலிண்டர் ஃப்ரீயா அனுப்புவோம்" என்றார் போனில் பேசியவர். கடலூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபின் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம், 2024-ல் ஃபெஞ்சல் வந்தபோது என்ன பாடுபட்டோம் என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மழை வந்தால் முதலில் போவது கரண்ட்தான். சரி, இத்தனை யோசித்து வைத்திருக்கிறார்களே என்று 23,500-ஐயும் மொத்தமாக அனுப்பினேன்.

சாயங்காலம் தூறலில் ஒரு பையன் மெஷினோடு வந்தான். வாசலிலேயே செருப்பை விட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். மெஷினைப் போட்டான். தண்ணீர் பாட்டிலில் குமிழி கொப்பளித்தது. முன்னால் இருக்கும் கண்ணாடிக் குழாயில் குண்டு எழும்பி 2-ல் நின்றது. அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்டான். மூக்கில் மாட்டும் ட்யூபின் நுனியை அதில் விட்டு, "அக்கா, பாருங்க, காத்து எப்படி வருது" என்றான். டம்ளர் முழுக்கக் குமிழி. "பாட்டி, இனிமே நிம்மதியா தூங்குவீங்க" என்று அம்மாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனான். பெற்ற பிள்ளைகூட அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தர மாட்டான். நம்பிக்கை வந்தது அந்த டம்ளரில்தான்.

அன்று ராத்திரி மீட்டர் 88-லிருந்து இறங்க ஆரம்பித்தது. 86. 85. மெஷின் உறுமிக்கொண்டிருக்கிறது, குமிழி வருகிறது, குண்டு 2-லேயே நிற்கிறது. கடைக்குப் போன் அடித்தேன். "குளிர்ல விரல் சில்லிட்டுப்போனா மீட்டர் தப்பாக் காட்டும் மேடம், கையைத் தேய்ச்சு விடுங்க." அவர் சொன்னது நிஜம், அதுதான் எனக்கு இப்போதும் ஆறவில்லை. விரல் சில்லிட்டிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். உண்மையான ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயை அடைத்தார். கையைத் தேய்த்தேன், வெந்நீர்த் துணி வைத்துச் சூடாக்கினேன். 84. மறுபடி அடித்தால் போனை எடுக்கவில்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியதும் 108-ஐக் கூப்பிட்டோம். வண்டியில் இருந்த சிலிண்டர் ஆக்சிஜனை மாட்டியதும், ஜி.எச். போய்ச் சேர்வதற்குள் 90-க்கு வந்துவிட்டது. அதே அம்மா, அதே விரல்.

அம்மா வார்டில் இருக்கும்போதே, புதுச்சேரியில் இந்த மெஷின்களைப் பழுதுபார்க்கும் தெரிந்தவர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். வரும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் கையடக்கமான ஒரு அனலைசரைக் குழாயில் வைத்தார். 90-க்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் 41 காட்டியது. நாம் சும்மா சுவாசிக்கும் காற்றிலேயே 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. அவர் விளக்கியது இதுதான்: மெஷினுக்குள் சியோலைட் என்ற மணிகள் இருக்கின்றன, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுவது அவற்றின் வேலை. ஈரம் குடித்து அவை செத்துப்போனாலும் மோட்டார் காற்றைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். குண்டு எழும்பும், குமிழி வரும். டம்ளர் தண்ணீரில் தெரிவது காற்று வருகிறது என்பது மட்டுமே. அது என்ன காற்று என்று தண்ணீருக்குத் தெரியாது.

பின்பக்கம், மெஷின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மணி மீட்டரைக் காட்டினார். 19,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. ராப்பகலாக ஓடினாலும் இரண்டு வருஷத்துக்கு மேல். ஆறு மாச மெஷினாம்! மூடியைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆக்சிஜன் குறைந்தால் கத்தவேண்டிய அலாரத்தின் ஒயரை உருவி, டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மெஷினைத் திருப்பி எடுக்க மட்டும் உடனே ஆள் வந்தது. பணம் கேட்டபோது முதலில் "ஏழு வேலை நாள்" என்றார்கள். அப்புறம் அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு. அப்புறம் "சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட் வரணும்." அந்த ரிப்போர்ட்டில் என்ன வந்ததாம் தெரியுமா? கடல்காற்று ஈரத்தில் எங்கள் வீட்டில் வைத்துத்தான் மெஷின் கெட்டுப்போனதாம், வெளியாளை விட்டுத் திறந்ததால் டெபாசிட் கிடையாதாம். ஒரே ராத்திரியில் சியோலைட் சாகுமா? வாடகையாவது கொடுங்கள் என்றால், "யூஸ் பண்ணிட்டீங்களே மேடம்." 84-க்கு இறங்கியதற்குப் பெயர் யூஸ். இப்போது மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது. 23,500 ரூபாய், அதுவும் அம்மாவின் மருந்துச் செலவுக்கு எடுத்துவைத்திருந்த பணம்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது. மெஷினை இறக்கும்போதே அனலைசர் வைத்து அளவைக் காட்டச் சொல்லுங்கள், 90-க்குக் கீழே என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மணி மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். டெபாசிட் எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பும் என்று பில்லில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். மீட்டர் இறங்கினால் கடைக்காரனிடம் பேசிக்கொண்டிருக்காதீர்கள், 108-க்கு அடியுங்கள், காசு கிடையாது. இளைப்பு இருக்கும் பெரியவர்களுக்கு ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றிக் குளிருக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை அந்த அறைக்குள் வேண்டாம். போகி அன்று ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி டம்ளர் தண்ணீர் காட்டி உங்கள் வீட்டிலும் மெஷின் இறக்கியிருந்தால், பில்லையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். சேர்ந்தே போகலாம்.