லேசர் டாட்டூ நீக்கம்: ஆர்மி, சிஆர்பிஎஃப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்

முதலில் அழிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ராணுவத்தில் முழங்கை உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கத்திலும் புறங்கையிலும் பச்சை குத்தியிருக்கலாம். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகள் இன்னும் கறார்: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கை மட்டும்தான். அளவு அந்தப் பாகத்தில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். மதச் சின்னமோ பெயரோதான் செல்லும். வலது முன்கையில் உள்பக்கம் அம்மா பெயர் இருந்தால் ஆர்மிக்கு இடம் சரி, சிஆர்பிஎஃப்புக்குச் சரியில்லை. இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறவர் இரண்டாவது விதியை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

அழிப்பது உறுதியானால் க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் லேசர்தான் நம் மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் ஏற்றது. கறுப்பு, கருநீல மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம், சிவப்புக்கு 532. பச்சை, வெளிர்நீல நிறங்களை இந்த இரண்டும் சரியாகப் பிடிக்காது. அதற்கு வேறு லேசர் வேண்டும், முழுதாகப் போகும் என்றும் சொல்ல முடியாது. வெள்ளை, தோல்நிற மை லேசர் பட்டதும் கறுத்துப்போகலாம். அதனால் ஓரத்தில் சின்னதாக ஒரு டெஸ்ட் போடச் சொல்லுங்கள். முடி நீக்கும் மெஷினில் இதையும் செய்கிறோம் என்று பார்லரில் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். அதன் ஒவ்வொரு ஒளித் துடிப்பும் நீடிப்பது மில்லிசெகண்ட் கணக்கு. மையை உடைக்க நானோசெகண்ட் வேண்டும். நீண்ட துடிப்பு மையை விட்டுவிட்டுத் தோலை வேகவைக்கும்.

இந்தச் சேவையின் பெரிய குறை நேரம்தான். லேசர் மையைப் பொடியாக்குகிறது, அவ்வளவே. பொடியை அள்ளிப் போவது உடம்பின் வேலை, அதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். மெஷினில் குத்திய கறுப்பு டாட்டூவுக்கு 8 சிட்டிங் என்று வைத்தால், 6 வார இடைவெளியிலேயே முதலிலிருந்து கடைசி வரை 42 வாரம். கழுத்தைவிட மணிக்கட்டுப் பக்கம் மெதுவாகவே மங்கும். திருவிழாவில் ஊசியால் குத்திய பச்சையில் மை குறைவு, சிட்டிங்கும் குறையும். அறிவிப்பு வந்த பிறகு ஓடுவது வீண். "ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வாங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்பவரிடம் தழும்பும் வெள்ளைத் திட்டும்தான் மிஞ்சும்.

சிட்டிங் அன்று மரத்துப்போகும் க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். உங்களுக்கும் கண் கவசம் கட்டாயம். லேசர் பட்டதும் டாட்டூ சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுக்கும். அரை மணிக்குள் அடங்கிவிடும். மறுநாள் கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். வாசலின் தடவி மூடுங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். கிரவுண்டில் ஓடுகிறவர்கள் கோட்டைவிடுவது வெயிலில்: ஆறுவதற்குள் வெயில் பட்டால் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். ஆறிய பிறகு சன்ஸ்கிரீன்.

ஆன்லைனில் விற்கும் டாட்டூ ரிமூவல் க்ரீமுக்கு மதிப்பெண் பூஜ்யம். மை கீழ்த்தோலில் கிடக்கிறது, க்ரீம் அங்கே போகாது. ஆசிட் கலந்தது போனால் புண்ணாக்கித்தான் போகும். நெஞ்சு, தோளில் கெலாய்டு (தடித்துப் புடைக்கும் தழும்பு) வரும் உடம்புக்காரர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

ஓர் எழுத்து, சின்ன நட்சத்திரம் என்றால் வெட்டித் தைப்பதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நாள் வேலை, 10-14 நாளில் தையல் பிரிப்பார்கள், கோடாகத் தழும்பு நிற்கும். தோல் தளர்ச்சியுள்ள இடத்தில்தான் இது சரிவரும். புறங்கையில் இழுத்துத் தைத்தால் விரல் மடக்கும்போது விரிந்துகொள்ளும்.